கேள்வி கேட்கும் பிள்ளையை வளர்ப்போம்

காரைதீவின் கடற்கரைப் பக்கமாக இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் பகுதியொன்றில் நடைபெறும் மாலை வகுப்புக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். இருபது பிள்ளைகள் வரையில் பாயில் அமர்ந்து விஞ்ஞானக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தனர். ஆசிரியை வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். அன்றைய பாடம் அடர்த்தி. ஓரலகு கனவளவின் திணிவே அடர்த்தி என்று எல்லாரும் பிழையின்றி எழுதி முடித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி எம்மிடம் வந்தாள். "பாதர், இந்தக் கிணத்துத் தண்ணி விடியக்காலையில நல்லா இருக்கு. பக்கத்தில மோட்டர் போட்டு இறைச்சாப் பிறகு பின்னேரம் உப்புக் கரிக்குது. அது ஏன்?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட கேள்விக்கான விடையின் பாதி, அவள் சற்று முன்னர் எழுதிய வசனத்திலேயே இருந்தது. கிணறு பத்து அடி தூரத்தில் இருந்தது. ஆனால் வசனத்தையும் கிணற்றையும் யாரும் அவளுக்குச் சேர்த்துக் காட்டவில்லை. இதற்காக நாம் அந்த ஆசிரியையைக் குறைகூற மாட்டோம். பாடத்திட்டம் முடிய வேண்டும், தவணைப் பரீட்சை வருகிறது, பெற்றோர் கொப்பியைத் திறந்து எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். அவர் என்ன செய்வார்? இந்தப் பழக்கத்துக்கு நாம் எல்லோருமே பொறுப்பாளிகள்.

வாங்கும் கை

இடம்பெயர்ந்த மக்களாகிய உங்களுக்கு வரிசையில் நிற்பது புதியதல்ல. 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களில் வீரமுனை முதலான ஊர்களிலிருந்து உயிரை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறியவர்கள் உங்களுள் உள்ளனர். மேற்கேயுள்ள தங்கள் வயற்காணிகளுக்குப் போக முடியாமல் ஆண்டுக்கணக்காகத் தவித்த முஸ்லிம் குடும்பங்களும் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து, எஞ்சியிருந்தவற்றையும் அள்ளிச் சென்றது. அந்த நாட்களில் நிவாரணம் தேவைப்பட்டது. கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆயினும் நீண்டகால நிவாரணம் மனிதனுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிடுகிறது. கொடுப்பதை வாங்கிக்கொள், கேள்வி கேளாதே, கேட்டால் அட்டையில் பெயர் இல்லாமற் போகலாம் என்பதே அந்தப் பழக்கம்.

குறிப்பு எழுத மட்டும் பழக்கும் விஞ்ஞான வகுப்பும் இதே பழக்கத்தையே ஊட்டுகிறது என்பது எமது துணிபு. பிரேசில் நாட்டில் ஏழை விவசாயிகளுக்கு எழுத்தறிவித்த பாவுலோ பிறேயர் என்ற கல்வியாளர் இதனை வங்கி முறைக் கல்வி என்றார். ஆசிரியர் பணம் வைப்பிலிடுவது போல் அறிவை வைப்பிலிடுகிறார். மாணவன் வெறும் பெட்டியாக இருக்கிறான். காணி இழந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்வியே முதுசம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த முதுசமும் இன்னொரு நிவாரணப் பொதியாகவே வந்து சேர்ந்தால் பிள்ளை எப்படித் தன் காலில் நிற்கும்?

கிணற்றடியில் நடந்தது

அடுத்த கிழமை, அந்த ஆசிரியையின் விருப்பத்துடன் வகுப்பைக் கிணற்றடிக்கு மாற்றினோம். பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் கழுவிய வெறும் சோடாப் போத்தல் ஒன்றை வாய்ப்பக்கம் வெட்டிக் கொடுத்தோம். அத்துடன் உப்பு, சிறிதளவு நிறம், ஒரு கரண்டி, ஓர் உறிஞ்சு குழாய். செலவு நூற்றுக்கணக்கில்கூட வரவில்லை. ஒருவர் ஊற்ற, ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் படம் வரைய வேண்டும். அடுத்த தடவை வேலை மாறும். கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாவற்றையும் செய்து முடிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதைத் தடுக்க இந்த ஏற்பாடு அவசியம்.

நிறமூட்டிய உப்புநீரைப் போத்தலில் அரைவாசி நிரப்பினார்கள். அதன்மேல் நல்ல நீரை ஊற்றினால் என்ன நடக்கும்? ஊற்றுவதற்கு முன்னரே ஒவ்வொரு குழுவும் தன் எண்ணத்தை எழுத வேண்டும் என்றோம். பெரும்பாலானோர் இரண்டும் கலந்துவிடும் என்றே எழுதினர். பின்பு கரண்டியின் பின்பக்கத்தில் வழியவிட்டு மெதுவாக ஊற்றியபோது, நல்ல நீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் நின்றன. ஒரு குழுவினர் அவசரப்பட்டு ஊற்றியதால் அவர்களுடையது கலந்துவிட்டது. அவர்கள் வெட்கப்பட்டார்கள். ஆசிரியை அதைப் பிழை என்று சொல்லவில்லை. "உங்களுடையது மட்டும் ஏன் கலந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அக்குழு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் படித்தது.

பின்னர் உறிஞ்சு குழாயை மேலடுக்கில் வைத்து மெதுவாக உறிஞ்சச் சொன்னோம். நல்ல நீர் வந்தது. பலமாக உறிஞ்சியபோது கீழிருந்த நிறநீர் எழும்பிக் குழாய்க்குள் வந்தது. அந்தச் சிறுமி ஒரு கணம் போத்தலைப் பார்த்தாள், மறுகணம் கிணற்றைப் பார்த்தாள். "மோட்டரும் இப்படித்தான் இழுக்குதா?" என்றாள்.

அதன் பிறகுதான் ஆசிரியை விளக்கம் கூறினார். எமது கரையோர மணற்றரையில் மழைநீர் இறங்கி, நிலத்தடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மழைநீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வரையில் அடர்த்தி கூடியது. இந்தச் சிறிய வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி வரையில் நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. அதேபோல மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உப்புநீர் பல அடி உயரும். கிணற்றில் மெதுவாக அள்ளினால் நன்னீர் வரும். பெரிய மோட்டர் வைத்து இழுத்தால் உவர்நீர் மேலெழும்.

பிள்ளைகள் இத்துடன் விடவில்லை. ஐந்து கிணறுகளைத் தெரிந்து, முடிச்சுப் போட்ட கயிற்றால் நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் ஏழு நாட்கள் அளந்தார்கள். உப்பை நாக்கால் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும், சுகாதாரத்துக்கும் நல்லதல்ல என்பதால், ஒவ்வொரு கிணற்று நீரிலும் பத்துக் கரண்டி எடுத்து ஒரே அளவான தட்டுகளில் வெயிலில் வற்றவிட்டு, எஞ்சிய வெள்ளைப் படிவை ஒப்பிட்டார்கள். மோட்டர் கூட ஓடும் கிணறுகளிலேயே படிவு அதிகம் இருந்தது. ஆனால் மோட்டரே இல்லாத ஒரு கிணற்றிலும் படிவு கூடுதலாக இருந்தது. அது தோணாக் கரையில் இருப்பதால் என்றனர் சிலர். கிணறு ஆழம் கூடியதால் என்றனர் சிலர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நாமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

வழிகாட்டலும் வேண்டும்

பிள்ளைகளைச் சும்மா விட்டுவிட்டால் அவர்களே எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. அது ஆசிரியர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். எந்தப் பொருளை எப்போது கையிற் கொடுப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று எப்போது நினைவூட்டுவது, பெயரையும் விதியையும் எந்த இடத்தில் சொல்வது என்பவற்றை ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். குறிப்பு வாசிப்பதைவிட இது கடினமான வேலை. வரம்பு இல்லாத வயலில் தண்ணீர் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. 2007 ஆம் ஆண்டு எமது நாட்டில் அறிமுகமான பாடத்திட்டத்திலேயே, ஆர்வமூட்டல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளில் வகுப்பு நடத்தும்படி ஆசிரியர் வழிகாட்டி நூல்கள் கூறின. ஏட்டில் இருந்தது எல்லா வகுப்புகளுக்கும் வந்து சேரவில்லை என்பதே எமது கவலை.

காரைதீவு மண்ணுக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. சுவாமி விபுலானந்தரைத் தமிழறிஞராகவும் துறவியாகவும் நாம் கொண்டாடுகிறோம். 1892 இல் இவ்வூரில் மயில்வாகனனாகப் பிறந்த அவர் ஒரு விஞ்ஞான ஆசிரியரும் ஆவார் என்பதை மறந்துவிடுகிறோம். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த அவர், கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1947 இல் வெளிவந்த அவரது யாழ் நூல், மறைந்துபோன ஓர் இசைக்கருவியைப் பழைய இலக்கியச் சான்றுகளையும் ஒலியின் கணக்கையும் சேர்த்து வைத்துத் தேடிய முயற்சி. இழந்துபோனதை அழுது தேடாமல், அளந்து தேடலாம் என்று காட்டிய இந்த மண்ணின் பிள்ளை அவர். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதைவிட வேறு முன்மாதிரி வேண்டுமா?

உங்களுக்குத் தெரிந்தது விஞ்ஞானம் அல்லவா?

"நாங்க படிக்காத ஆக்கள் பாதர், புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிற?" என்று பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. கிணற்றடி வகுப்பை ஓரமாக நின்று பார்த்த முதியவர் ஒருவரும் அப்படித்தான் தொடங்கினார். பிறகு, ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்ததையும், இறைக்க இறைக்க உப்புக் கூடிய கிணறுகள் இருந்ததையும், பல மாரி மழைக்குப் பிறகே நீர் தேறியதையும் சொன்னார். அளவுக்கு மிஞ்சி இறைக்கக் கூடாது, மழைக்குப் பொறுத்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் பின்னர் கூறிய ஆலோசனையும் அதுவேதான். அவர் கண்டதற்கு யாரும் பெயர் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

விதைநெல்லில் நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தது என்று பார்த்து விதைக்கும் கமக்காரர் ஒரு பரிசோதனையே செய்கிறார். தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்து வாய்க்காலைக் கட்டும் வட்டவிதானைக்கும் பௌதிகம் தெரியும்.

அறக்கொட்டியை எடுத்துக்கொள்வோம். வேளாண்மையைத் தீய்த்துவிடும் இந்தக் கபிலத் தத்தியால் நட்டப்படாத கமக்காரர் இந்தக் கரையில் இல்லை. இந்தோனேசியாவிலும் இதே நிலைதான். அங்கே கிருமிநாசினி அடிக்க அடிக்கத் தத்தி பெருகியது. தத்தியைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் கிருமிநாசினி கொன்றுவிட, பயிரின் மடலுக்குள் இருந்த தத்தி முட்டைகள் தப்பிப் பொரித்தன என்பதே காரணம். 1986 இல் அந்நாட்டு அரசு நெற்செய்கையில் 57 வகைக் கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. 1989 முதல் கமக்காரர் வயற்பாடசாலைகள் தொடங்கின. ஏறத்தாழ இருபத்தைந்து கமக்காரர் ஒரு குழுவாகக் கிழமைக்கு ஒருமுறை வயலில் இறங்கி, பூச்சிகளை எண்ணி, தாளில் படம் வரைந்து, தமக்குள் விவாதித்து முடிவெடுத்தார்கள். தத்தியையும் சிலந்தியையும் வலை மூடிய ஒரு பயிரில் சேர்த்து விட்டு, எது எதைத் தின்கிறது என்று தம் கண்ணாலேயே பார்த்தார்கள். பயிற்றுநர் விடை சொல்வதில்லை, "நீங்கள் கண்டது என்ன?" என்று திருப்பிக் கேட்பார். இந்த வயற்பாடசாலைகள் 1990களில் எமது நாட்டுக்கும் வந்தன.

எழுத்து வாசனை குறைந்த கமக்காரருக்குக் கூடிய முறை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கூடாதா? இதில் இன்னொரு கவலையும் எமக்கு உண்டு. கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளைகளில் பலர் வட்டையைக் கண்டதில்லை. வரம்பு, வக்கடை, களவெட்டி என்ற சொற்களே அவர்களுக்கு அந்நியமாகி வருகின்றன. காணி என்றோ ஒரு நாள் திரும்பிக் கிடைக்கும்போது, அதை ஆளும் அறிவு யாரிடம் இருக்கும்? காணிக்கு உறுதி எழுதலாம். அறிவுக்கு உறுதி எழுத முடியாது. அது பிள்ளையின் கேள்விக்குப் பெற்றோர் சொல்லும் பதிலில் மட்டுமே கைமாறும்.

பரீட்சை என்ன ஆகும்?

"இப்படி விளையாடினால் சாதாரண தரத்தில் புள்ளி வருமா?" இது நியாயமான கேள்வி. இடம்பெயர்ந்த பிள்ளைக்குப் பரீட்சைதான் ஏணி. ஏணியை உதைத்துவிட்டுத் தத்துவம் பேச நாம் வரவில்லை.

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஓசங்காபாத் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். 1972 இல், இரண்டு தொண்டு நிறுவனங்களின் முயற்சியால், 16 கிராமப்புற நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானத் திட்டம் தொடங்கியது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு குழு, மலிவான பொருட்கள் கொண்ட ஒரு பெட்டி. பிள்ளைகளே செய்து பார்த்து விடையைத் தம் கொப்பியில் எழுதுவார்கள். 1978 இல் மாவட்டம் முழுவதற்கும் விரிவடைந்தது. அவர்கள் பரீட்சையையே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். செய்முறைப் பரீட்சையும் உண்டு. பார்த்து எழுதினால் விடை கிடைக்காது, சிந்தித்தால் மட்டுமே கிடைக்கும் என்ற வகையில் வினாக்கள் அமைந்தன. முப்பது ஆண்டுகள் நடந்து, ஆயிரம் பாடசாலைகள் வரை சென்ற இத்திட்டத்தை 2002 இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

இதிலிருந்து நாம் இரண்டு பாடங்கள் படிக்கலாம். முதலாவது, ஏழைக் கிராமங்களில், சாதாரண அரச ஆசிரியர்களைக் கொண்டே இதைச் செய்ய முடியும். இரண்டாவது, மேலிருந்து வரும் அனுமதியில் மட்டும் தங்கியிருக்கும் எந்த நல்ல காரியத்தையும் மேலிருந்தே ஒரு நாளில் நிறுத்திவிடவும் முடியும். பெற்றோரும் ஊராரும் இது எங்களுடையது என்று பிடித்துக்கொண்டால்தான் அது நிலைக்கும்.

எமது பரீட்சையை நாம் உடனே மாற்ற முடியாது. ஆனால் சாதாரண தர வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். பரிசோதனை அமைப்பின் படத்தைக் கொடுத்து, அவதானம் என்ன, காரணம் என்ன என்று கேட்கும் வினாக்கள் அதிலும் வருகின்றன. போத்தலைத் தொட்டுப் பார்த்த பிள்ளை அவ்வினாவுக்கு அஞ்சாது. எனவே குறிப்பை எரிக்கச் சொல்லவில்லை. கிழமையில் ஒரு பாடவேளையாவது கேள்விக்கும் கைவேலைக்கும் ஒதுக்குங்கள், குறிப்பு அதன் பின்னர் வரட்டும் என்கிறோம்.

உயிரோடு தொடர்புள்ள கல்வி

2024 நவம்பர் 26 ஆம் திகதி எமது மனத்தை விட்டு அகலாது. மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம், காரைதீவு மாவடிப்பள்ளியில் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளத்தில் கவிழ்ந்தது. மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அந்தப் பெற்றோரின் கண்ணீருக்கு முன்னால் யாரையும் குறைசொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்வோம். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இதனை எமது ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வொரு சாரதியும், ஒவ்வொரு பெற்றோரும் வாய்க்காலில் ஒரு பலகையைப் பிடித்துக் கையால் உணர்ந்திருக்க வேண்டும். வெள்ளம் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பார்ப்பதில்லை. கிணற்று உப்பும் அறக்கொட்டியும் பார்ப்பதில்லை. ஒரே மொழி பேசும் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே போத்தலைச் சுற்றி அமர்ந்து "நீ கண்டது என்ன?" என்று கேட்டுப் பழகினால், அதுவும் ஒரு சமாதானப் பணியே.

குருவாகிய எம்மிடம் சிலர், கேள்வி கேட்கும் பிள்ளை கடவுள் நம்பிக்கையை இழந்துவிடாதா என்று கேட்பதுண்டு. கலிலேயோவின் விடயத்தில் திருச்சபையைச் சார்ந்தோர் தவறிழைத்ததைத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992 இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பரம்பரை விதியைக் கண்ட கிரகோர் மெண்டல், ஒரு கமக்காரரின் மகன், துறவி. தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமையாரை ஆண்டவர் விரட்டவில்லை. கையை நீட்டச் சொன்னார்.

அன்பான பெற்றோரே, இன்று மாலை உங்கள் பிள்ளை வீடு வந்ததும், எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேட்பதற்குப் பதிலாக, இன்று என்ன கேள்வி கேட்டாய் என்று கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், விஞ்ஞான வகுப்பில் எங்கள் பிள்ளைகள் எத்தனை தடவை கையால் செய்து பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். வயலை அறிந்த முதியவர்கள் மாதத்தில் ஒரு மாலை பிள்ளைகளோடு வந்து அமருங்கள். ஆசிரியர்களே, விடை தெரியாத கேள்வி வந்தால் அஞ்ச வேண்டாம். "எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வதால் உங்கள் மதிப்புக் குறையாது.

தோணாக் கரைக் கிணற்றின் வழக்கு இன்னும் தீரவில்லை என்று சொன்னோம். வரும் மாரி மழைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் அளந்து பார்ப்பது என்று பிள்ளைகளே தீர்மானித்திருக்கிறார்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பவள் அந்தச் சிறுமிதான்.